சதுரங்கத்துக்கு அப்பால் – 11: எத்தனை பொம்மைகளை எடுத்து வைப்பது?

1864 ஏப்ரல் 29. நியூசிலாந்தின் வட தீவில் தௌரங்கா துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு குறுகலான மேடு, இருபுறமும் சதுப்பு. பொழுது விடிந்த சிறிது நேரத்தில் பிரிட்டிஷ் பீரங்கிகள் அந்த மேட்டை நோக்கி முழங்கத் தொடங்கின. மாலை நான்கு மணி வரை, ஏறக்குறைய எட்டு மணி நேரம், அடி விழுந்துகொண்டே இருந்தது. மேட்டின் மேலிருந்த மாவோரி மண்கோட்டைக்குள் சுமார் 230 பேர்.

இந்தச் சண்டையை மேசைமேல் ஆட நினைப்பவர் பகடையைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குண்டுவீச்சு ஓயும்போது கோட்டைக்குள்ளிருந்து எத்தனை பொம்மைகளை எடுத்து ஓரமாக வைப்பது? பாதியையா, கால்வாசியையா? ஒன்றைக்கூடத் தொடாமல் விட்டுவிடலாமா? பாதியை எடுத்துவிட்டால் அடுத்து வரும் தாக்குதல் எளிதில் வென்றுவிடும். உண்மையில் அந்தத் தாக்குதல் சில நிமிடங்களில் சிதறி ஓடியது. அப்படியானால் எடுக்க வேண்டிய எண்ணிக்கை மிகக் குறைவு. ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்டால், நாம் பொம்மை விளையாட்டை விட்டுவிட்டு இன்றும் முடியாத ஒரு வரலாற்று விவாதத்தின் நடுவே நிற்போம். இந்த அத்தியாயம் அந்த விவாதத்தைப் பற்றியது.

சென்ற அத்தியாயத்தில் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1824-ல் தன் படைக்கு அளித்த வரைபட விளையாட்டைப் பார்த்தோம். அங்கே நீலமும் சிவப்பும் ஒரே வகைப் படைகள். ஒரே பயிற்சி, ஒரே ஆயுதம். ஒருவர் மற்றவரை அளக்க ஒரே அளவுகோல் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரரசுகள் கடல் கடந்து நடத்திய சின்னப் போர்களில் அந்த வசதி கிடையாது. பெராக், அசாந்தே, லுஷாய் மலைகள், அம்பேலா, ஆச்சே என்று எங்கே பார்த்தாலும் இரண்டு தரப்பும் வேறு வேறு விதமாகப் போரிட்டன, வேறு வேறு காரணங்களுக்காகப் போரிட்டன. ஒருவருக்குத் தோல்வி என்று தோன்றுவது மற்றவருக்குத் திட்டமிட்ட பின்வாங்கலாக இருந்தது. இவற்றை ஒரே மேசையில் பொருத்துவதுதான் இந்த விளையாட்டின் மிகக் கடினமான வேலை. என்னை இதன்பால் இழுத்ததும் அந்தக் கடினம்தான்.

தொடக்கத்தில் யாரும் அவ்வளவு ஆழமாகப் போகவில்லை. 1881-82 குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தின் தாவோஸில் நுரையீரல் நோய்க்காகத் தங்கியிருந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், தன் மனைவியின் மகனான சிறுவன் லாயிட் ஆஸ்போர்னுடன் வீட்டு மாடியறைத் தரையில் சாக்கட்டியால் வரைபடம் போட்டு ஈயச் சிப்பாய்களை நகர்த்தினார். ‘புதையல் தீவு’ எழுதி முடிக்கப்பட்ட அதே ஊர். அச்சு எழுத்துகளை வெடிமருந்துச் சரக்காக வைத்துக்கொண்டார்கள். சரக்கு தீர்ந்த படை சுட முடியாது. போர்ச் செய்திகளைக் கற்பனைப் பத்திரிகைகளாகவும் எழுதிக்கொண்டார்கள். ஆஸ்போர்ன் இதை 1898-ல் ‘ஸ்கிரிப்னர்ஸ்’ இதழில் பதிவு செய்தார். வெடிமருந்தும் சாலையும் தளபதிக்குத் தெரியாத செய்தியும் போரை எப்படித் தீர்மானிக்கின்றன என்பது அந்த மாடியறையில் நன்றாகவே புரிந்திருந்தது. பின்னால் வந்த பல விதிநூல்கள் அதைத் தவறவிட்டன.

1893-ல் லண்டன் பொம்மைத் தயாரிப்பாளர் வில்லியம் பிரிட்டன், உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, நடுப்பகுதி இறுகுமுன் கவிழ்த்துக் கொட்டி, உள்ளீடற்ற பொம்மைகளை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஈயம் குறைந்தது, விலை இறங்கியது. செய்தித்தாளில் வரும் போர்கள் கடைகளில் பெட்டிகளாக வந்திறங்கின. சூடானின் ஒட்டகப் படையும் போயர்களும் ஜூலு வீரர்களும் பிரிட்டிஷ் வீடுகளின் தரைக்கு வந்தார்கள். 1913-ல் ஹெச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இந்தப் பொம்மைகளுக்கு விதி வகுத்தார். கம்பிச்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் மெய்யாகவே சுட்டு வீழ்த்துவது அவர் முறை.

இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்து திரும்பிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், சவுத்தாம்ப்டனில் இயன்முறைச் சிகிச்சையாளராக வேலை பார்த்தபடியே 1962-ல் ‘வார் கேம்ஸ்’ நூலை எழுதினார். இன்றைய மேசைப் போர் விளையாட்டின் பெரும் பகுதி அங்கிருந்து கிளைத்தது. பேர்தெரியாத காலனியப் போர்கள் மீது அவருக்குத் தனிப் பற்று உண்டு. அவற்றுக்கென்றே நூல்கள் எழுதினார். 1979-ல் அமெரிக்காவில் லாரி பிராம் வெளியிட்ட ‘தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃப்ளேம்’ விதிநூல் அந்தப் பற்றுக்கு நிலையான வடிவம் கொடுத்தது. அதில் சீட்டுக்கட்டுதான் நேரம் காட்டும் கருவி. சிவப்புச் சீட்டு விழுந்தால் பேரரசின் அணி ஒன்று நகரும், கறுப்பு விழுந்தால் எதிர் அணி ஒன்று. அடுத்து யார் என்பது யாருக்கும் தெரியாது. எத்தனை அங்குலம் நகரலாம் என்பதையும் பகடைதான் சொல்லும். தன் படை தான் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகாது என்ற தளபதியின் தவிப்பை இவ்வளவு எளிமையாகக் கொண்டுவந்த விதி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த விதிநூலின் உலகம் ஜூலுலாந்து, சூடான், வடமேற்கு எல்லைப்புறம். அங்கே செந்நிறச் சட்டையோ காக்கியோ அணிந்த அணி நெருக்கமாக நின்று சுடும். எதிரி கூட்டமாக ஓடிவந்து கைகலப்பான். சுடுகிறவன் நிற்பான், வெட்டுகிறவன் ஓடுவான். பீரங்கிப் படை அதிகாரி சி. ஈ. கால்வெல் 1896-ல் எழுதிய ‘ஸ்மால் வார்ஸ்’ கையேட்டின் மனநிலையும் பெரிதும் இதுதான்: துணிந்து முன்னேறு, முனைப்பை விட்டுக்கொடுக்காதே, எதிரியின் மனம் முதலில் உடையும். மேசை விதிகள் பல இந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. பேரரசுப் படைக்குச் சுடுதலில் கூடுதல் மதிப்பு, எதிர்ப்பக்கத்துக்கு வேகத்திலும் கைகலப்பிலும் கூடுதல் மதிப்பு.

இனி மறுபடியும் தௌரங்கா. அங்கே எல்லாம் தலைகீழ். ஓடிவந்து பாய்ந்தவர்கள் பிரிட்டிஷார். நிலத்துக்குள் நின்று சுட்டவர்கள் மாவோரிகள்.

முன்கதை சுருக்கமாக. 1863 ஜூலையில் பிரிட்டிஷ் படை வட தீவின் வைகாட்டோ பகுதிக்குள் நுழைந்தது. மாவோரி மன்னர் இயக்கத்தை அடக்குவது வெளியே சொன்ன நோக்கம்; நிலத்தின் மேல் கண் இருந்ததை அதே ஆண்டு நிறைவேறிய குடியேற்றச் சட்டம் மறைக்கவில்லை. ‘கலகம்’ செய்த குலங்களின் நிலத்தைப் பறிமுதல் செய்ய அது அதிகாரம் தந்தது. வைகாட்டோவுக்குக் கிழக்குக் கரையிலிருந்து ஆளும் உணவும் போவதைத் தடுக்க 1864 ஜனவரியில் தௌரங்காவில் படை இறங்கியது. வைகாட்டோ போய்ச் சண்டையிட்ட ஙாய் தே ரங்கி குலத்தார் ஊர் திரும்பினார்கள். அவர்களின் தலைவர் ராவிரி புஹிராக்கே பிரிட்டிஷ் தளபதிக்குக் கடிதம் எழுதிச் சண்டைக்கு அழைத்தார். போரில் எப்படி நடந்துகொள்வோம் என்ற விதிகளையும் எழுத்தில் அனுப்பினார்: காயம்பட்டவரையும் ஆயுதமற்றவரையும் தொடமாட்டோம். பதில் வரவில்லை. ராவிரி முகாமுக்கு இன்னும் அருகே வந்து, கிறிஸ்தவ மிஷன் நிலத்தின் எல்லைக் கதவை ஒட்டிய புகெஹினாஹினா மேட்டில் கோட்டை கட்டினார். கேட் பா என்று அது பெயர் பெற்றது.

கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ நினைக்க வேண்டாம். முதன்மை அரண் சுமார் 80 கெஜ நீளம், 30 கெஜத்துக்குள் அகலம். பக்கத்தில் இன்னொரு சிறிய அரண். வெளியிலிருந்து பார்த்தால் மெல்லிய கம்பு வேலி மட்டும் தெரியும். வேலிக்குப் பின்னால் நிலத்துக்குள் நெளிந்து வளைந்து போகும் அகழிகள். ஒரு முனையில் விழும் குண்டின் சிதறல் மறுமுனைக்குப் போகாதபடி இடையிடையே மண் தடுப்புகள். மரக்கட்டை பரப்பி அதன்மேல் மண் மூடிய பதுங்கறைகள். கொடிக்கம்பத்தைக் கோட்டைக்குள் நடாமல் சற்றுப் பின்னால் நட்டார்கள். கொடியைக் குறிவைத்த பீரங்கிகளின் குண்டுகள் நெடுநேரம் தலைக்கு மேலே போய் விழுந்தன. இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. 1845-ல் ஓஹையாவாய் என்ற மாவோரி கோட்டையில் பிரிட்டிஷ் கர்னல் டெஸ்பார்ட் தன் ஆட்களை வேலியின்மேல் ஏவி, சில நிமிடங்களில் நாற்பது பேரளவுக்கு இழந்தார். அடுத்த ஆண்டு ருவாபெகபெகா கோட்டையில் பதுங்கறைகள் இன்னும் ஆழமாயின. இருபது ஆண்டுகளாகப் பீரங்கிக்கு விடை தேடிய பொறியியல் மரபு அது.

எதிரே லெப்டினன்ட் ஜெனரல் டங்கன் கேமரன். கிரிமியாவில் ஆல்மா சண்டையில் ஹைலாண்டர் படையை நடத்தியவர், விவரமறியாதவர் அல்லர். அவரிடம் சுமார் 1,700 பேர். பதினைந்துக்குக் குறையாத பீரங்கிகளும் மார்ட்டர்களும். அவற்றில் ஒன்று 110 ராத்தல் குண்டு வீசும் ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கி. நியூசிலாந்துப் போர்களில் இவ்வளவு கனத்த குண்டுவீச்சு வேறெங்கும் நடக்கவில்லை. இரவோடு இரவாக 68-ஆம் படைப்பிரிவு சதுப்பைச் சுற்றிக் கோட்டையின் பின்புறம் போய் வழியை அடைத்துக்கொண்டது. முன்புறத்தில் 43-ஆம் படைப்பிரிவும் கப்பற்படை வீரர்களும். இந்த 43-ஆம் படைப்பிரிவு நம் பக்கத்துக்குப் பழக்கமானது. 1857-58 கிளர்ச்சிக் காலத்தில் பெங்களூரிலிருந்து மத்திய இந்தியாவின் கல்பி வரை நடந்தே போன படை. இந்தியாவிலிருந்துதான் நியூசிலாந்துக்குக் கப்பலேறியது.

நான்கு மணிக்கு வேலி உடைந்து கிடந்தது. உள்ளே அசைவில்லை. சுமார் 300 பேர் ஓடிப்போய் உள்ளே புகுந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத் தெளிவாகப் பார்த்தவர் எவரும் இல்லை. வெளியே நின்றவர்களுக்கு வெடிச் சத்தமும் புகையும் தெரிந்தன; பிறகு தம் ஆட்கள் திரும்பி ஓடிவருவது தெரிந்தது. பிரிட்டிஷ் தரப்பில் நூற்றுக்கு மேற்பட்டோர் அடிபட்டனர்; அவர்களில் 31 பேர் இறந்தனர். அதிகாரிகள் வரிசையாக விழுந்தார்கள். 43-இன் தளபதி பூத், கப்பற்படையினரை நடத்திய ஹே இருவரும் காயத்தால் இறந்தார்கள். உதவிக்கு ஆட்களுடன் ஓடிய ‘எஸ்க்’ கப்பலின் காப்டன் ஹாமில்டன் அரண்மேலேயே விழுந்தார். மாவோரி தரப்பில் இறந்தோர் இருபத்தைந்து பேரளவு. அன்றிரவு கோட்டையில் இருந்தவர்கள் 68-இன் வரிசைக்கு ஊடாக இருளில் நழுவிப் போய்விட்டார்கள். போவதற்கு முன்பு, ஹேனி தே கிரி கரமு என்ற பெண் போராளி உள்ளே அடிபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஏன் தோற்றார்கள்? அக்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம்: கோட்டை ஏறக்குறைய விழுந்துவிட்டது, உள்ளிருந்தவர்கள் பின்பக்கமாக ஓட முயன்று, அங்கே 68-ஐக் கண்டு திரும்பி ஓடிவந்தார்கள், அகழிகளுக்குள் குழம்பி நின்ற பிரிட்டிஷ் வீரர்கள் அவர்களைப் புதிதாக வந்த துணைப்படை என்று நினைத்தார்கள், அதிகாரிகள் இல்லாத நிலையில் பீதி தொற்றியது. 1986-ல் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெலிச் வேறொன்று சொன்னார். அது விரித்த வலை. பதுங்கறைகளுக்குள் பெரும்பாலோர் சேதமின்றி, சத்தமின்றி இருந்தார்கள். கோட்டை காலியாகிவிட்டது என்று நம்பும்படி விட்டு, உள்ளே வந்தவர்களை நாலாபுறமும் கைக்கெட்டும் தூரத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கிகளால் சுட்டார்கள். தற்செயலுக்கு அதில் பங்கு குறைவு. பெலிச் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. மாவோரிகளின் திட்டமிடலை அவர் மிகைப்படுத்துகிறார் என்போரும் உண்டு.

நூலாசிரியர் இரண்டையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். விளையாட்டு அமைப்பவருக்கு அந்த வசதி இல்லை. முதல் விளக்கத்தை ஏற்றால் அவர் எழுத வேண்டியது பிரிட்டிஷ் அணிக்கான மனத்திடச் சோதனை: அதிகாரி பொம்மை விழுந்தால் பகடை உருட்டு, குறைந்த எண் வந்தால் அணி ஓடும். பத்துத் தடவை ஆடினால் பல தடவை பிரிட்டிஷார் வெல்வார்கள்; அன்றைக்கு மட்டும் பகடை கெட்டது என்றாகும். இரண்டாவதை ஏற்றால் எழுத வேண்டியது மறைவுக்கான விதி. கோட்டைப் பக்கத்து ஆட்டக்காரர் தன் ஆட்களை மேசையில் வைக்கமாட்டார். நடுவரிடம் ஒரு தாளில் எந்தப் பதுங்கறையில் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுப்பார். குண்டுவீச்சின் பலன் அவருக்கும் நடுவருக்கும் மட்டும் தெரியும். எதிரே இருப்பவர் உடைந்த வேலியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இப்படி ஆடும்போது கேமரனின் நான்கு மணி முடிவு முட்டாள்தனமாகத் தோன்றாது. கண்ணுக்குத் தெரிந்த அத்தனையும் வெற்றி என்றுதான் சொன்னது.

நான் இரண்டாவது வகை விதியின் பக்கம். அதற்கு மேசைதான் எனக்குக் காரணம் தந்தது. பத்துப் பேருக்கு ஒரு பொம்மை என்று கணக்கு வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் படை 170 பொம்மைகள். மேசையின் ஒரு பக்கம் முழுதும் நிறைந்து நிற்கும். கோட்டைக்குள் 23. பார்த்ததும் இது சண்டையே அல்ல என்று தோன்றும். ஆனால் மேட்டின் அகலம் சிறியது, சதுப்புகள் இருபுறமும் நெருக்குகின்றன. ஏவப்பட்டவர்கள் 300 பேர். பொம்மையாக எண்ணினால் 30. முப்பதை எடுத்து இருபத்து மூன்றின் எதிரே வைத்துப் பாருங்கள். இருபத்து மூன்றும் நிலத்துக்குள் இருக்கின்றன. முப்பதும் வெளியே நிற்கின்றன. 1,700-க்கு 230 என்று ஏட்டில் படிக்கும்போது மூளை ஏமாறுகிறது. தாக்குதல் நடந்த இடத்தில் பேரரசுக்கு அந்தப் பெரும்பான்மை இருக்கவே இல்லை. அந்த நிலத்தைத் தேர்ந்தவர் ராவிரி.

கோட்டையைக் கட்டும் வேலையும் இப்படித்தான் பாடம் நடத்துகிறது. 28 மில்லிமீட்டர் பொம்மை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு அளவு. அதே அளவில் அரணைச் செய்தால் நீளம் ஒன்றேகால் மீட்டரை நெருங்கும், அகலம் அரை மீட்டருக்குள் அடங்கும். சாப்பாட்டு மேசை போதும். பீரங்கிகளை 500 கெஜம் தள்ளி வைப்பதென்றால் அதே அளவில் ஏழரை மீட்டர், அடுத்த அறைக்குப் போய்விடும். ஆகவே பீரங்கி மேசைக்கு வெளியே. குண்டு மட்டும் உள்ளே. தட்டையான மேசையில் அகழி தோண்ட முடியாது என்பது அடுத்த சிக்கல். கெட்டித் தெர்மோகோல் பலகைகளை அடுக்கி மேட்டை உயர்த்தி, அதைக் குடைந்துதான் அகழி எடுக்க வேண்டும். பல்குச்சிகளையும் மூங்கில் ஈர்க்குகளையும் நட்டால் வேலி ஆயிற்று. வேலி ஒரு மாலையில் முடிந்துவிடும். அகழியும் தடுப்பும் பதுங்கறையும் வாரக்கணக்கில் இழுக்கும். ராவிரியின் ஆட்களுடைய உழைப்பு எங்கே போனது என்பது விரல்களுக்குத் தெரியவரும். நியூசிலாந்துப் போர்களுக்கென்றே பொம்மை வார்க்கும் எம்ப்ரஸ் போன்ற நிறுவனங்கள் இப்போது இருப்பதால், இரட்டைக்குழல் துப்பாக்கி ஏந்திய மாவோரியை ஜூலு பொம்மையை வெட்டி ஒட்டி உருவாக்கும் கட்டாயம் இன்று இல்லை.

அகழியின் மதிப்புக்கு எதிர்ச்சான்றும் அருகிலேயே இருக்கிறது. ஜூன் 21 அன்று, சில மைல் உள்ளே தே ரங்காவில், மாவோரிகள் அடுத்த கோட்டைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் கர்னல் கிரீர் சுமார் 600 பேருடன் வந்துவிட்டார். அகழி பாதிதான் முடிந்திருந்தது. 43-உம் 68-உம் துப்பாக்கிமுனைக் கத்தியுடன் பாய்ந்தன. நூற்றுக்கு மேற்பட்ட மாவோரிகள் மாண்டார்கள். ராவிரியும், போர் விதிகளை எழுதியதாகச் சொல்லப்படும் ஹெனாரே தாரதோவாவும் அவர்களில் இருந்தார்கள். அதே எதிரிகள், அதே ஆயுதங்கள், எட்டு வார இடைவெளி. கேட் பாவுக்கு எழுதிய விதிகளைக் கொண்டு, பதுங்கறைகளை நீக்கிவிட்டுத் தே ரங்காவை ஆடிப் பார்க்கலாம். அங்கும் முடிவு நடந்ததற்கு அருகே வந்தால் விதி சரி. பீதியை மட்டும் நம்பி எழுதிய விதி இரண்டாவது சண்டையில் கால் இடறும். இரண்டு சண்டைகளிலும் ஓடிவந்தவர்களில் அதே 43-ஆம் படைப்பிரிவு இருந்தது.

வெற்றிப் புள்ளிகள் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான விதிநூல்களில் கோட்டையைப் பிடித்தவர் வென்றவர். அந்தக் கணக்கில் கேட் பா பிரிட்டிஷ் வெற்றி. மறுநாள் காலை அது அவர்கள் கையில் இருந்தது. மாவோரிகளுக்கு அந்தக் கோட்டை காக்க வேண்டிய ஊர் அல்ல. எதிரியை அடிக்க ஓரிரு நாள் பயன்படும் கருவி. அடித்துவிட்டு ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினால் அவர்களுக்கு வெற்றி. இரு தரப்புக்கும் வெவ்வேறு வெற்றிக் கணக்கு எழுதாத விதிநூல் இந்தப் போர்களுக்கு உதவாது என்பது என் திடமான கருத்து. போர்த்தொடராக ஆடுகிறவர்கள் நிலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் குலத்தார் ஆயுதங்களை ஒப்படைத்துச் சமாதானம் கண்டார்கள். 1865-ல் பறிமுதல் ஆணை வந்தது. சுமார் 50,000 ஏக்கரை அரசே வைத்துக்கொண்டது. அந்தப் பறிமுதல், மாவோரிகளுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையிலான வைத்தாங்கி ஒப்பந்தத்துக்கு மாறானது என்று வைத்தாங்கி தீர்ப்பாயம் அறிக்கை தந்தபோது ஆண்டு 2004. அரண்மேல் விழுந்த காப்டன் ஹாமில்டனின் பெயரை, வைகாட்டோவில் பறித்த நிலத்தில் எழுந்த நகரம் இன்றும் தாங்கியிருக்கிறது. நகரின் நடுவில் நின்ற அவர் சிலையை 2020 ஜூனில் அகற்றினார்கள்.

அதே 1864-இன் நவம்பரில் பிரிட்டிஷ் படை பூட்டானின் துவார்ப் பகுதிக்குள் நுழைந்தது. எளிதாக முடியும் என்று எண்ணிய அந்தப் போரில், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தேவான்கிரியைக் கைவிட்டு, பீரங்கிகளையும் விட்டுவிட்டு இறங்கி ஓட நேர்ந்தது. செங்குத்து மலையை மேசையில் எப்படி எழுப்புவது, இருட்டில் நடக்கும் பின்வாங்கலுக்கு என்ன விதி எழுதுவது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)